டிஸ்க் மாற்றியும் வேகம் வரவில்லை: ஒரு பழைய பென்டியம் 4 பதிவு

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் டிடிபி மேஜையில் 2003இல் வாங்கிய பென்டியம் 4 இன்னும் வேலை செய்கிறது. இன்டெல் 845ஜி சிப்செட் போர்டு, 512 எம்பி ராம், 40 ஜிபி சீகேட் ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய, பட்டைக் கேபிள் வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. அந்த டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருந்ததை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, மெஷின் பழைய வேகத்துக்குத் திரும்பியாயிற்று. டிஸ்க் ஒன்றுதான் போச்சு என்று நினைத்துத்தான் பெட்டியைத் திறந்தேன். திறந்த பிறகு கரண்ட், கேபிள், ஜம்பர் (டிஸ்க்கின் பின்களை இணைக்கும் சின்ன மூடி), விண்டோஸ் செட்டிங் என்று ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. இந்தத் தலைமுறை மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பதால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

அச்சக அண்ணாச்சி சொன்ன குறை இது. காலையில் ஆன் செய்தால் எக்ஸ்பி லோகோவுக்குக் கீழே அந்த நீலக் கட்டங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப் வர ஏழெட்டு நிமிஷம். சில நாள் கறுப்புத் திரையில் 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று நின்றுவிடும், அணைத்துப் போட்டால் வரும். நடு நடுவே பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். அடுத்த வருஷத்துத் தினசரி காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். "தம்பி, அதுக்குள்ள இது படுத்துச்சுன்னா என் பொழப்பும் சேர்ந்து படுத்துரும்" என்றார்.

புது கம்ப்யூட்டர் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வாங்கியிருக்கிறார், பக்கத்து மேஜையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பழைய மெஷினில் உள்ள தமிழ் ஃபான்ட் தொகுப்பு யூனிகோடுக்கு முந்தையது. பிரின்டர் போர்ட்டில் ஒரு பூட்டு (டாங்கிள் என்கிற சின்னக் கருவி) செருகியிருந்தால்தான் அது திறக்கும். பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் காலண்டர் தாள்களும் அந்த ஃபான்ட்டில் அடித்தவை. வேறு மெஷினில் திறந்தால் கட்டமும் கொம்புமாகத் தெரியும். மென்பொருளை விற்றவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். பூட்டு போதாதென்று சி டிரைவின் வால்யூம் சீரியல் எண்ணையும் அது சரிபார்க்கிறது. அந்த எண் ஃபார்மட் அடிக்கும்போது புதிதாக உருவாகி, பார்ட்டிஷனின் பூட் செக்டரில் உட்கார்ந்துகொள்ளும். ஆக, ஃபார்மட் அடித்து எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றினால் எண் மாறிவிடும். செக்டர் செக்டராக (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு துண்டாக) நகலெடுத்தால் மாறாது. வேறு வழி பற்றி யோசிக்கவே இல்லை.

கையில் இருந்தவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஜம்பர் பிடுங்க ட்வீசர், டார்ச், ஒரு பென் டிரைவ், ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் 32 பிட் பதித்த சிடி. சிடியை இந்தக் காலத்தில் எதற்கு என்றால், அந்தப் போர்டு பென் டிரைவிலிருந்து பூட் ஆக அடம்பிடித்தது. 32 பிட் எதற்கு என்றால், அந்த பென்டியம் 4க்கு 64 பிட் தெரியாது.

முதலில் கரண்ட்

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் வெள்ளைப் பவுடர். ஆஃப்செட் மெஷினில் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற மாவு அது. டிடிபி அறை தனியாக இருந்தாலும் கதவு வழியாக வந்து, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஃபேன் இழுத்து, எல்லா இடுக்கிலும் படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி, வெளியே கொண்டுபோய் ஊதினேன். இதை டிடிபி அறைக்குள்ளேயே செய்தால் கிளம்பிய பவுடர் அப்படியே பக்கத்து மெஷினுக்குள் போகும்.

டக் டக் சத்தம் கேட்டதும் டிஸ்க்கின் ஹெட் போய்விட்டது என்று முடிவுகட்டுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் டிஸ்க்குக்குப் போகிற நாலு பின் மோலெக்ஸ் வயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரவில்லை. நடுவில் ஒரு ஒய் ஸ்ப்ளிட்டர். அதன் ஒரு கிளையில் டிஸ்க், மறு கிளையில் பிற்பாடு சேர்த்த கேபினெட் ஃபேன். ஸ்ப்ளிட்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சள் வயர் நுழைகிற இடத்தில் பழுப்பாகியிருந்தது. பார்த்தவுடன் மீட்டரை எடுத்துவிட்டேன்.

அளக்கும்போது கனெக்டரைக் கழற்றக் கூடாது. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்க, கனெக்டரின் முதுகுப் பக்கம் வயர் நுழைகிற ஓட்டையில் புரோபை நுழைக்க வேண்டும். கறுப்பு புரோப் கறுப்பு வயரில், சிவப்பு புரோப் முதலில் சிவப்பு வயரில் (5 வோல்ட்), பிறகு மஞ்சளில் (12 வோல்ட்). ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் 5.04, 11.9. ஸ்ப்ளிட்டரைத் தாண்டி டிஸ்க்கின் பின்னால் 4.61, 11.1. ஏடிஎக்ஸ் கணக்கில் ஐந்து சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 4.75க்கும் 11.4க்கும் கீழே போகக் கூடாது. இங்கே இரண்டுமே கீழே. இது மெஷின் பூட் ஆகி முடிந்து அமைதியாக இருக்கும்போது எடுத்த அளவு. டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட் லைனில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். இணைப்பில் அரை ஓம் இருந்தாலே அங்கே ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். மோட்டார் வேகத்தைப் பிடிக்க முடியாமல், தலையை உள்ளே இழுத்து, மீண்டும் முயலும். அதுதான் அந்த டக்.

ஸ்ப்ளிட்டரை வெட்டி எறிந்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு மோலெக்ஸை நேராக டிஸ்க்கில் செருகினேன். செருகும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தக் கனெக்டரில் நாலு பின்னில் ஒன்று பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடும். நாலும் சமமாக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும். பிறகு பலமுறை ஆன் செய்து அணைத்தும் டக் சத்தம் வரவில்லை. மெஷின் மட்டும் அதே மந்தத்தில்தான் இருந்தது.

டிஸ்க் என்ன சொல்கிறது

சிடியிலிருந்து லினக்ஸைப் பூட் செய்து ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) எடுத்தேன். சீகேட் டிஸ்க்கில் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். முதல் வரியிலேயே 'ரா ரீட் எரர் ரேட்' என்று கோடிக்கணக்கில் ஓர் எண் நிற்கும். சீகேட்டில் அதுவும் 'ஹார்டுவேர் ஈசிசி ரெக்கவர்டு' என்ற வரியும் அப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். நான் பார்ப்பது மூன்று வரிகள். 5ஆம் எண், மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்: 31. 197ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை: 26. 199ஆம் எண், யுடிஎம்ஏ சிஆர்சி பிழை: 1,800க்கு மேல்.

முதல் இரண்டும் தட்டில் உள்ள பழுது. ஆகவே டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது தட்டோடு சம்பந்தப்பட்டதல்ல. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் டேட்டா கெட்டு, சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் திரும்ப அனுப்பிய கணக்கு அது. கை கேபிளுக்குப் போனது.

ஆனால் அதற்கு முன்னால் நகலை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி என் லேப்டாப்பில் டிடிரெஸ்க்யூ என்ற, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளை ஓட்டினேன். இது வீண் வேலையாகப் போயிற்று. நல்ல இடங்களில் அடாப்டர் ஒழுங்காக ஓடியது. கெட்ட செக்டரைத் தொட்டதும் அடாப்டரின் சிப் மொத்தமாக உறைந்து, யுஎஸ்பியே துண்டிக்கப்பட்டு, டிஸ்க் வேறு பெயரில் திரும்ப வந்தது. ஒவ்வொரு துண்டிப்பிலும் மோட்டார் நின்று ஓடியது. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அது நல்லதல்ல. நல்ல டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுக்க அந்த அடாப்டர் போதும். பழுதான டிஸ்க்கை மதர்போர்டின் சொந்த ஐடிஇ போர்ட்டில் மாட்டித்தான் நகலெடுக்க வேண்டும்.

கேபிளின் திசை

சரி, கேபிள். கேபினெட் தகட்டின் விளிம்பில் மடங்கி நசுங்கி, ஓரத்தில் ஓரிரு வயரின் தோல் கிழிந்திருந்தது. சிஆர்சி பிழைக்கு இதுவே போதும். அவசரத்துக்கு சிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கி இங்கே மாட்டியபோது, பூட் ஆகும் திரையில் 'பிரைமரி ஐடிஇ சேனல் நோ 80 கண்டக்டர் கேபிள் இன்ஸ்டால்டு' என்று வந்தது. சிடி டிரைவுக்குப் போட்டிருந்தது பழைய 40 வயர் கேபிள்.

இரண்டு கேபிளுக்கும் கனெக்டரில் 40 பின்தான், அகலமும் ஒன்றுதான். 80 வயர் கேபிளில் ஒவ்வொரு சிக்னல் வயருக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வயர் சேர்த்து ஓடும், அதனால் வரிகள் நெருக்கமாக, நகத்தால் தடவினால் ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். 40 வயர் கேபிள் சொரசொரவென்று இருக்கும். 40 வயரில் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போர்டு அனுமதிக்காது. 66, 100 எல்லாம் 80 வயருக்கு மட்டும்.

பழைய பார்ட்ஸ் கடையில் 80 வயர் கேபிள் இரண்டு வாங்கினேன், ஒன்று 60 ரூபாய். மாட்டிப் பூட் செய்தால் மறுபடி அதே வாசகம்! கேபிளில் நீலம், சாம்பல், கறுப்பு என்று மூன்று கனெக்டர்கள். நீலம் போர்டுக்கு, கறுப்பு மாஸ்டர் (ஒரே கேபிளில் முதல்) டிஸ்க்குக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவதுக்கு). பழைய கேபிள் எப்படி இருந்ததோ அப்படியே இதையும் மாட்டியிருந்தேன், பழையதோ தலைகீழாக இருந்திருக்கிறது: கறுப்பு போர்டில், நீலம் டிஸ்க்கில். நீலக் கனெக்டருக்குள்ளே 34ஆம் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்திருப்பார்கள். போர்டு அந்தப் பின்னைப் பார்த்துத்தான் இது 80 வயர் என்று தெரிந்துகொள்கிறது. கறுப்பு முனையில் அந்த இணைப்பு இல்லை. ஆக எவ்வளவு நல்ல கேபிளானாலும் தலைகீழாக மாட்டினால் போர்டுக்கு அது 40 வயர்தான்.

திருப்பி மாட்டியதும் வாசகம் போய்விட்டது. மிச்சக் கேபிளை மடிக்காமல், பெரிய வளைவாக விட்டு, நைலான் டையால் தளர்வாகக் கட்டினேன். சிவப்புக் கோடு உள்ள ஓரம் ஒன்றாம் பின். பெரும்பாலும் மோலெக்ஸ் இருக்கிற பக்கமாக வரும்.

80 வாங்கினால் 33.8

புது ஐடிஇ டிஸ்க் யாரும் செய்வதில்லை. பழையதில் நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டியதுதான். சென்னை ரிச்சி தெருவில் 80 ஜிபி சீகேட் பாராகுடா ஒன்று 500 ரூபாய்க்குக் கிடைத்தது. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி சத்தத்தைக் கேட்டு வாங்கினேன். வந்து மாட்டினால் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள் உள்ள மென்பொருள்) 33.8 ஜிபி. அதுவும் 40 ஜிபி டிஸ்க்கை நகலெடுக்க வாங்கியது!

கடைக்காரர் ஏமாற்றவில்லை. 1999க்கு முந்தைய சில அவார்டு நிறுவன பயாஸ்களில் 33.8 ஜிபிக்கு மேலே டிஸ்க் இருந்தால் தேடும் இடத்திலேயே மெஷின் நின்றுபோகும். அந்த மெஷின்களுக்காகக் கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஒரு ஜம்பரை சீகேட் வைத்தது. இந்த டிஸ்க்கின் முந்தைய வீடு அப்படிப்பட்ட ஒரு மெஷின் போலிருக்கிறது. டிஸ்க்கின் பின்னால் ஐடிஇ போர்ட்டுக்கும் மோலெக்ஸுக்கும் நடுவே உள்ள எட்டுப் பின்னில் மாஸ்டருக்கு ஒரு ஜம்பர், அதோடு கூடுதலாக இன்னொன்று. லேபிளில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு அந்தக் கூடுதல் ஜம்பரை ட்வீசரால் பிடுங்கினேன். 80 ஜிபி முழுதாக வந்தது. ஜம்பர் இல்லாமலேயே குறைவாகக் காட்டினால், யாராவது மென்பொருளால் கொள்ளளவை மறைத்திருக்கலாம். லினக்ஸில் எச்டிபார்ம் கொண்டு அதைப் பார்க்கவும் நீக்கவும் முடியும். இங்கே தேவைப்படவில்லை.

ஜம்பர் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சீகேட்டில் தனியாக இருக்கும் டிஸ்க்கும், ஸ்லேவோடு இருக்கும் மாஸ்டரும் ஒரே அமைப்பு. வெஸ்டர்ன் டிஜிட்டலில் அப்படி இல்லை. கேபிளில் அது ஒன்றே இருந்தால் ஜம்பர் இல்லாமல் விட வேண்டும். 'மாஸ்டர்' ஜம்பரோடு தனியாக விட்டால் வராத ஸ்லேவுக்காகக் காத்திருந்து, பயாஸ் அதைக் கண்டுபிடிக்காமலே போகலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று குப்பைக்குப் போன நல்ல வெஸ்டர்ன் டிஜிட்டல்கள் எத்தனையோ.

வாங்கிய டிஸ்க்கை நம்புவதற்கு முன் முழுக்கப் பூஜ்யம் எழுதி, முழுக்கத் திரும்பப் படிக்க வைத்தேன். ஸ்மார்ட்டில் 5, 197 இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன. இதைச் செய்யாமல் பழைய டிஸ்க்கில் யார் டேட்டாவையும் வைக்காதீர்கள்.

நகல்

மாட்டிய விதம்: பழைய 40 ஜிபி போர்டின் முதல் ஐடிஇ போர்ட்டில் (பிரைமரி) மாஸ்டராகத் தனியாக. சிடி டிரைவ் இரண்டாம் போர்ட்டில், அதாவது செகண்டரி மாஸ்டர், 80 ஜிபி செகண்டரி ஸ்லேவ். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கேபிளில் போடலாம்தான். ஆனால் பழுதான டிஸ்க் திணறும்போது சேனல் மொத்தமும் ரீசெட் ஆகும், கூடப் பிறந்ததும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். செகண்டரிக்கும் 80 வயர் கேபிளே போட்டேன்.

ஓட்டுவதற்கு முன் லினக்ஸ் எந்த டிஸ்க்குக்கு எஸ்டிஏ என்று பெயர் வைத்திருக்கிறது, எதற்கு எஸ்டிபி என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்ய வேண்டும். கொள்ளளவை மட்டும் பார்த்தால்கூட இங்கே தெரிந்துவிடும், ஆனாலும் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வைத்துப் பார்ப்பதே பழக்கம். திசை மாறினால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் நகலாகிவிடும். அதற்கு மருந்து இல்லை.

டிடிரெஸ்க்யூவின் வரைபடக் கோப்பைப் பென் டிரைவில் வைத்தேன். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அந்தக் கோப்புதான் ஆதாரம். லைவ் சிடியின் நினைவகத்தில் வைத்தால் அணைத்ததும் போய்விடும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லும் 'என்' விருப்பம். நல்லதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்வதுதான் நோக்கம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று. அடுத்த சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லி, அதற்கடுத்து எதிர்த்திசையில் படிக்கச் சொல்லி ஓட்டினேன். எதிர்த்திசை சுற்று சில செக்டர்களை மீட்டுக் கொடுத்தது. கடைசியில் மிஞ்சியது 12 கேபி, அதாவது 24 செக்டர்.

அந்த 12 கேபி எந்த ஃபைலில் இருந்தது என்று தெரியாவிட்டால் அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல முடியாது. எக்ஸ்பியின் செக்டிஸ்க் இதற்கு உதவாது. புது டிஸ்க்கில் அந்தச் செக்டர்கள் படிக்க முடிகிற, ஆனால் காலியான செக்டர்கள், அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை ஒன்று உண்டு. மீட்க முடியாத இடங்களில் மட்டும் புது டிஸ்க்கில் நாம் சொல்லும் வாசகத்தை எழுதிவிடும். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு வாசகத்தை அப்படி எழுதி, பிறகு பார்ட்டிஷனை ஏற்றி எல்லா ஃபைல்களிலும் அந்த வாசகத்தைத் தேடினேன். இரண்டு ஃபைல் சிக்கின. ஒன்று எக்ஸ்பியின் பேஜ் ஃபைல், அது போனால் போகட்டும், அழித்தால் தானே புதிதாக உருவாகும். மற்றது ஒரு பழைய காலண்டருக்கு ஸ்கேன் செய்த முருகன் படத்தின் டிஃப் கோப்பு. நடுவில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் கெட்டிருந்தது. அண்ணாச்சியிடம் மூலப் படம் இருந்தது.

முதல் பூட், அப்புறமும் மந்தம்

எக்ஸ்பியை நகலெடுத்தால், முதல் தடவை பூட் செய்வதற்கு முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். எம்பிஆரில் (டிஸ்க்கின் முதல் செக்டர்) உள்ள நாலு பைட் கையொப்பத்தை வைத்துத்தான் எக்ஸ்பி எந்த டிஸ்க்குக்கு எந்த எழுத்து (சி, டி) என்று நினைவு வைத்துக்கொள்கிறது. நகலில் கையொப்பமும் ஒன்றே. இரண்டும் மாட்டியிருந்தால் எழுத்துகள் இடம் மாறி, பழையதைக் கழற்றிய பிறகு லாகின் திரையோடு நிற்கும். கழற்றிவிட்டு, 80 ஜிபியைப் பிரைமரி மாஸ்டராக மாற்றி மாட்டினேன். எக்ஸ்பி வந்தது. பேஜ்மேக்கர் திறந்தது. ஃபான்ட் தொகுப்பு எதுவும் கேட்காமல் வேலை செய்தது.

ஆனால் வேகம் வரவில்லை. டெஸ்க்டாப் வர அதே ஏழெட்டு நிமிஷம். புது டிஸ்க், புது கேபிள், சரியான வோல்டேஜ், திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. டிஸ்க் வேகத்தை அளக்கும் எச்டி டியூன் ஓட்டினால் நொடிக்கு 3 எம்பி சொச்சம், பிராசசர் 90 சதவீதத்துக்கு மேல். வைரஸ், ராம் போதாமை என்று கொஞ்ச நேரம் வேறு பக்கம் அலைந்தேன். எண்ணைக் கவனித்திருந்தால் அந்த அலைச்சல் தேவையில்லை: டிஸ்க் படிக்கும்போது பிராசசர் இவ்வளவு உழைக்கிறது என்றால் டிஎம்ஏ (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டா நேராக ராமுக்குப் போகும் முறை) ஓடவில்லை.

டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பார்த்தால் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்: பிஐஓ மோட்', அதாவது டேட்டா முழுதையும் பிராசசரே சுமக்கும் பழைய முறை. எக்ஸ்பியின் குணம் இது. டிஸ்க்கோடு பேசும்போது ஆறு தடவைக்கு மேல் நேரம் கடந்தாலோ சிஆர்சி பிழை வந்தாலோ, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓவுக்கு இறக்கிவிடும். இறக்கியதை ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கும், தானாகத் திரும்ப ஏற்றாது. கிழிந்த கேபிளால் எப்போதோ இறங்கியிருக்கிறது. நான் செக்டர் விடாமல் நகலெடுத்ததில் ரெஜிஸ்ட்ரியும் அந்தத் தண்டனையோடு புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் இந்த மெஷினை மெதுவாக்கியதில் பெரிய பங்கு தட்டில் இருந்த கெட்ட செக்டர்களுக்கு இல்லை, இந்த ஒரு பதிவுக்குத்தான்.

தீர்வு இரண்டு நிமிஷ வேலை. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். எக்ஸ்பி சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து, இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும். பிறகு பார்த்தால் 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5'. எச்டி டியூனில் தொடக்கத்தில் 52 எம்பி, தட்டின் உள் ஓரத்தில் 30. பிராசசர் 4 சதவீதம். லோகோ திரையில் நீலக் கட்டங்கள் ஏழெட்டுச் சுற்றில் முடிந்தன. செகண்டரி சேனலும் பிஐஓவில்தான் இருந்தது, அதையும் அப்படியே செய்தேன்.

'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' மட்டும் ஒரு நாள் காலையில் மறுபடி வந்தது. பயாஸில் தேதி 2002க்குப் போயிருந்தது, பூட் வரிசையும் மாறியிருந்தது. சிமாஸ் பேட்டரியில் 2.3 வோல்ட். சிஆர்2032 ஒன்று 30 ரூபாய். அத்தோடு அது தீர்ந்தது.

மிச்சமிருந்த 40 ஜிபியை எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இ டிரைவ் ஆக்கிக் கொடுத்துவிட்டேன். இருக்கிற பார்ட்டிஷனை நீட்டவோ நகர்த்தவோ இல்லை. ஓடுகிற ஒன்றை ஏன் தொட வேண்டும். மொத்தச் செலவு: டிஸ்க் 500, கேபிள் இரண்டும் 120, பேட்டரி 30, சிடியும் நைலான் டையும் சேர்த்து 40. ஆக 690 ரூபாய். "புது டிஸ்க் வாங்கிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?" என்று அண்ணாச்சி கேட்டார். கிடைத்தால்தானே விலை சொல்ல.

அடுத்து இதே மாதிரி மெஷின் வந்தால் பழைய ஐடிஇ டிஸ்க்கைத் தேடிப் போக மாட்டேன். 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், சாட்டாவை ஐடிஇ ஆக்கும் சின்ன கன்வர்ட்டர் போர்டும் போதும். 240 வேண்டாம். அந்தக் காலத்து பயாஸ்களில் பல 28 பிட் முகவரியோடு நிற்பவை, 137 ஜிபிக்கு மேலே பார்க்கத் தெரியாது. எக்ஸ்பியும் சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டால் அப்படித்தான். அந்த எல்லையைத் தாண்டி எழுதப்போய் டிஸ்க்கின் தொடக்கத்தையே அழித்த கதைகள் உண்டு. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டிக்கு அது பொருந்தாத இடம். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் 2048க்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். ட்ரிம் கட்டளையும் (அழித்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) எக்ஸ்பிக்குத் தெரியாது என்பதால் கடைசி இருபது சதவீதத்தைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விடுவேன். வேலையின் வரிசையையும் மாற்றுவேன்: பெட்டியைத் திறக்கும் முன்பே டிவைஸ் மேனேஜரில் பிஐஓவா டிஎம்ஏவா என்று ஒரு பார்வை.

வர்ச்சுவல் மெஷினாக மாற்றி புது கம்ப்யூட்டருக்குள் ஓட்டலாமே என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். பிரின்டர் போர்ட் பூட்டு இல்லையென்றால் அதைத்தான் செய்திருப்பேன். இப்போதைக்கு முழு டிஸ்க்கின் இமேஜ் ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, அதை அச்சகத்தில் அல்லாமல் வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாக்கி இருப்பது எஸ்எம்பிஎஸ். 5 வோல்ட் லைனில் 2200 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது. மீட்டரில் 5.04 காட்டினாலும் அது ரொம்ப நாள் நிற்காது. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையில் இரண்டு வாங்கிவைத்துவிட்டேன், ஒன்று 20 ரூபாய். மாற்றும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே உள்ள 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டிலும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.